ஆசிரியர் பயிற்சி வகுப்பில் டிஜிட்டல் எஸ்கேப் ரூம்: இரண்டு பருவங்கள் பயன்படுத்திய பின் ஒரு மதிப்புரை

ஆசிரியராகப் போகிறவர்களுக்கு, மாணவர்களை ஈடுபாட்டுடன் கற்க வைப்பது எப்படி என்ற பகுதியை நடத்துவது எனக்கு எப்போதுமே கடினமாக இருந்து வந்திருக்கிறது. ஈடுபாட்டைப் பற்றி ஒன்றரை மணி நேரம் விரிவுரை ஆற்றினால், அந்த விரிவுரையே தான் சொல்லும் செய்திக்கு எதிர்ச்சாட்சியாகி விடுகிறது. அதனால் கடந்த இரண்டு பருவங்களாக அந்தப் பகுதிக்கு டிஜிட்டல் எஸ்கேப் ரூமைப் பயன்படுத்திப் பார்த்தேன். முதல் பருவத்தில் சந்தா கட்டிப் பெறும் ஓர் ஆயத்தச் சேவை. இரண்டாம் பருவத்தில், இணையத்தில் கேள்விப் படிவங்கள் அமைக்க உதவும் கூகுள் ஃபார்ம்ஸில் நானே அமைத்த ஓர் அறை. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தாலும், கற்பித்தலில் அவை வெவ்வேறு பொருள்கள் என்பதே என் முடிவு. இந்த வேறுபாட்டைச் சந்தா கட்டுவதற்கு முன்பே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் ஒரு பருவம் மிச்சமாகியிருக்கும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அறிமுகம் இல்லாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். ஒரு கதைச் சூழல் திரையில் விரிகிறது. குறிப்புகள் ஆங்காங்கே மறைந்திருக்கின்றன. அவற்றைக் கொண்டு ஒரு எண்ணையோ சொல்லையோ வரிசையையோ கண்டுபிடித்து இட்டால் ஒரு பூட்டு திறக்கிறது. அது திறந்தால்தான் அடுத்ததற்குப் போக முடியும். இது நிஜ அறையிலிருந்து திரைக்கு வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஜப்பானைச் சேர்ந்த தோஷிமித்சு தகாகி, பூட்டிய அறையிலிருந்து தப்பிக்கும் விளையாட்டு ஒன்றை 2004ஆம் ஆண்டிலேயே இணைய உலாவிக்காக வெளியிட்டுவிட்டார். மனிதர்களை நிஜ அறையில் வைத்து நடத்தும் வடிவத்தைத் தகாவ் காட்டோவின் ஸ்க்ராப் நிறுவனம் கியோட்டோ நகரில் தொடங்கியது 2007இல்தான். வகுப்பறைக்கு வந்திருப்பது, திரையில் பிறந்து, வெளியே உலவி, மீண்டும் திரைக்குத் திரும்பிய ஒரு வடிவம்.

முதலில் ஆயத்தச் சேவை. அதன் பெயரை நான் குறிப்பிடப்போவதில்லை. நான் சொல்லும் குறை அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியதும் அன்று. படங்கள் மிக அழகாக இருந்தன. பழைய நூலகம் ஒன்றில் மாட்டிக்கொண்டதாகக் கதை; ஐந்து பூட்டுகள்; திரையின் மூலையில் முப்பது நிமிடத்திலிருந்து இறங்கிக்கொண்டே வரும் கடிகாரம்; முதலில் முடிக்கும் குழுவுக்குத் தங்கப் பதக்கம். கற்றல் கோட்பாடுகளைக் கற்பிக்கும் அறை என்று அதன் விவரக்குறிப்பில் எழுதியிருந்தது. 36 மாணவ ஆசிரியர்களை நால்வர் கொண்ட ஒன்பது குழுக்களாகப் பிரித்து உட்கார வைத்தேன். அன்று வகுப்பில் எழுந்த ஆரவாரத்தைக் கேட்டு, பக்கத்து அறையில் பாடம் நடத்திக்கொண்டிருந்த சக விரிவுரையாளர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். இத்தனை வருடத் தேடலுக்கு விடை கிடைத்துவிட்டது என்றே நானும் நினைத்தேன்.

மூன்றாம் பூட்டின் அருகில் அந்த நினைப்பு கலைந்தது. ஆசிரியர் முதலில் தானே செய்து காட்டுவது, பிறகு மாணவருடன் சேர்ந்து செய்வது, கடைசியில் மாணவரைத் தனியே செய்ய விடுவது ஆகிய மூன்று நிலைகளையும் காட்டும் வகுப்பறைக் காட்சிகள் மூன்று, ஒவ்வொன்றும் ஒரு பத்தி அளவில், அங்கே தரப்பட்டிருந்தன. வுட், புரூனர், ராஸ் ஆகிய மூவரும் 1976இல் கட்டடச் சாரத்துக்கு ஒப்பிட்டு எழுதிய உதவிமுறையைத்தான் அந்தப் பூட்டு தொட்டது: கட்டடம் எழும்ப எழும்பச் சாரத்தை அவிழ்ப்பது போல, மாணவருக்குத் திறன் கூடக் கூட ஆசிரியர் உதவியைக் குறைத்துக்கொண்டே வருவது. மூன்று காட்சிகளையும் சரியான வரிசையில் அடுக்கினால் பூட்டு திறக்கும். நான் பின்னால் நின்றுகொண்டிருந்த குழுவில் ஒருவர், "மூன்று காட்சிகள் என்றால் மொத்தம் ஆறு வரிசைதான், ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிடலாம்" என்றார். போட்டார்கள். ஐந்தாவது முயற்சியில் திறந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை; கைதட்டினார்கள். ஆசிரியர் முழுமையாகச் செய்து காட்டும் காட்சி அந்த மூன்றில் எது என்று நான் கேட்டபோது, நால்வரில் யாரும் முதல் வரிக்கு மேல் படித்திருக்கவில்லை.

அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். கடிகாரம் ஓடுகிறது, பதக்கம் காத்திருக்கிறது, ஆறே வாய்ப்புகள்தான் இருக்கின்றன என்றால் புத்திசாலிகள் யாரும் அதைத்தான் செய்வார்கள். பூட்டு கேட்டது வரிசையை மட்டும்தான், வாசிப்பைக் கேட்கவில்லை.

ஃப்ரெட்ரிக்ஸ், புளூமென்ஃபெல்டு, பாரிஸ் ஆகியோர் 2004இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில் பள்ளி ஈடுபாட்டை மூன்றாகப் பிரித்தார்கள்: செயலில் காட்டும் ஈடுபாடு, உணர்வில் தோன்றும் ஈடுபாடு, அறிவைச் செலுத்தும் ஈடுபாடு. அந்த வகுப்பில் முதல் இரண்டும் நிறைந்திருந்தன. மூன்றாவது அநேகமாக இல்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு முதல் இரண்டுதான் தெரியும் என்பதே இதிலுள்ள ஆபத்து. பள்ளிக்குப் போய் முதல் வருடம் வேலை பார்க்கும் ஓர் இளம் ஆசிரியர் தன் வகுப்பில் இப்படிப்பட்ட ஆரவாரத்தைக் கண்டால், பாடம் வெற்றி என்று பதிவேட்டில் எழுதிவிட்டு நிம்மதியாக அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்.

பதக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், படம் வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி வரையச் செய்த மழலையர், பின்னர் தாங்களாக விளையாடும் நேரத்தில், பரிசு எதிர்பாராத குழந்தைகளைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். இந்த ஆய்வைப் பாடமாக நடத்துகிற அதே வாரத்தில் தங்கப் பதக்கத்தைத் திரையில் காட்டியது எனக்கே உறுத்தியது.

இரண்டாம் பருவத்துக்கு முன் நான் எடுத்துக்கொண்ட முடிவு ஒன்றுதான்: கற்க வேண்டிய பொருளைச் சிந்திக்காமல் எந்தப் பூட்டையும் திறக்க முடியாதபடி அமைக்க வேண்டும். அதற்காக அமைத்தவற்றுள் ஒரு பூட்டை மட்டும் இங்கே முழுமையாகக் காட்டுகிறேன், ஏனென்றால் இந்த மதிப்புரையின் மையம் அதுதான்.

திரையில் ஒரு குழந்தையின் கணக்கு நோட்டுப் பக்கம். கையெழுத்தில் இரண்டு கணக்குகள் மட்டும். முதலாவது, 1/2 + 1/3 = 2/5. இரண்டாவது, 1/4 + 2/3 = 3/7. அதன் கீழே விடை எழுதாத மூன்றாவது கணக்கு: 3/5 + 1/4. பூட்டின் மேல், "இந்தக் குழந்தை இங்கே என்ன எழுதும்? தொகுதியையும் பகுதியையும் அடுத்தடுத்து இடுக" என்று எழுதியிருக்கும். ஏறக்குறைய எல்லாக் குழுக்களும் முதலில் 1720 என்று இட்டன. 17/20 என்பது கணக்கின் சரியான விடை. பூட்டு திறக்கவில்லை. "நாங்கள் கேட்பது கணக்கின் விடையை அல்ல, இந்தக் குழந்தையின் விடையை" என்ற செய்தி வந்தது. அதற்குப் பிறகுதான் அவர்கள் நோட்டுப் பக்கத்துக்குத் திரும்பிப் போனார்கள். மேலே உள்ளதை மேலே உள்ளதோடும் கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் குழந்தை கூட்டியிருக்கிறது என்பதைக் கண்டுகொண்ட குழு 49 என்று இட்டது, பூட்டு திறந்தது. அந்தக் கணத்தில் கைதட்டல் இல்லை. ஒரு மாணவ ஆசிரியை திரையைப் பார்த்தபடியே, "அப்படியென்றால் இந்தக் குழந்தைக்கு ஒரு விதி இருக்கிறது, கவனக்குறைவு இல்லை" என்று தன் குழுவிடம் சொன்னார். எத்தனை விரிவுரைகள் ஆற்றினாலும் அந்த வாக்கியத்தை என்னால் அவர் வாயிலிருந்து வரவழைத்திருக்க முடியாது.

இந்த எண்ணம் என்னுடைய கண்டுபிடிப்பும் அன்று. ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் ஆகிய இருவர் 1978இல் வெளியிட்ட ஆய்வில் விவரித்த பக்கி என்ற கணினி விளையாட்டு, தவறான விதியொன்றைக் கொண்ட மாணவரைப் போல நடித்து, அந்த விதி எது என்று ஆடுபவரைக் கண்டுபிடிக்கச் சொன்னது. ஆசிரியர் பயிற்சி பெறுவோரிடமும் அதைப் பயன்படுத்தினார்கள். என் அறையின் இரண்டாம் பூட்டு அந்த மரபில் வந்ததே: 52 − 27 = 35, 81 − 46 = 45 என்று எழுதும் குழந்தை 63 − 38 என்ற கணக்குக்கு என்ன எழுதும்? ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழிப்பதே அந்தக் குழந்தையின் விதி. ஆகவே 25 என்ற சரியான விடை பூட்டைத் திறக்காது, 35 திறக்கும்.

கருவியைப் பற்றி இனிச் சொல்லலாம். கூகுள் ஃபார்ம்ஸ் எஸ்கேப் ரூமுக்காகச் செய்யப்பட்ட கருவி அன்று, ஆனாலும் போதுமானது. ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு பிரிவு, அதில் குறுவிடைக் கேள்வி ஒன்று, அது கட்டாயம் என்ற குறி, பதில் சரிபார்ப்பில் குறிப்பிட்ட எண் என்ற நிபந்தனை, தவறினால் தோன்ற வேண்டிய செய்தி: இவ்வளவுதான். எண் பொருந்தாதவரை அடுத்த பிரிவுக்குப் போக முடியாது. தவறினால் தோன்றும் அந்தச் செய்தியை "தவறு" என்று விட்டுவிடாமல், சிந்தனையைத் திருப்பும் குறிப்பாக எழுதுவதில்தான் அறை அமைப்பவரின் திறமை இருக்கிறது. எந்தத் தவறான எண்ணுக்கும் ஒரே செய்திதான் வரும் என்பதால், மிக அதிகமானோர் செய்யக்கூடிய தவறு எது என்று முன்கூட்டியே ஊகித்து அதற்கேற்ப எழுத வேண்டும். வெவ்வேறு தவறுக்கு வெவ்வேறு வழிகாட்டுதல் வேண்டும் என்றால், பலவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியாக மாற்றி, ஒவ்வொரு தெரிவையும் தனித்தனிப் பிரிவுக்கு அனுப்பலாம். ஆனால் அங்கே பழைய ஆறு முயற்சி ஆபத்து திரும்பவும் வந்துவிடுகிறது.

இதன் பெரிய குறையாக நான் கருதுவது, தவறான முயற்சிகள் எங்கும் பதிவாவதில்லை என்பது. கடைசியில் அனுப்பப்படும் விடைகள் மட்டுமே ஆசிரியரின் கைக்கு வருகின்றன. அவை எல்லாமே சரியாகத்தான் இருக்கும், இல்லாவிட்டால் அனுப்பியிருக்கவே முடியாது. 1720 என்று இட்டவர் யார், எத்தனை முறை இட்டார் என்பது மறைந்துவிடுகிறது. அதனால் ஒவ்வொரு பூட்டுக்குப் பின்னும், "இந்த விடைக்கு வரும் முன் வேறு என்ன நினைத்தீர்கள்?" என்று ஒரு நீள்விடைக் கேள்வியைச் சேர்த்தேன். எனக்கு மிகவும் பயன்பட்டவை அதற்கு வந்த பதில்கள்தான்.

தமிழில் அறை அமைப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை உண்டு. விடையைச் சொல்லாகக் கேட்காமல் எண்ணாகக் கேட்பது நல்லது. எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் முறையான யூனிகோடில் 'கொ' என்ற எழுத்தின் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் இடலாம், இரண்டு தனிக் குறிகளாகவும் இடலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. எழுத்துகளை அப்படியே ஒப்பிடும் கணினிக்கு அவை வேறு வேறு. முதல் முன்னோட்டத்தில் ஒரு குழு சரியான சொல்லையே நான்கு முறை தட்டச்சு செய்தும் பூட்டு திறக்காமல், தங்கள் சிந்தனைதான் தவறு என்று எண்ணி, கண்டுபிடித்த சரியான வழியையே கைவிட்டுவிட்டது. கற்பவரின் நம்பிக்கையை இப்படி உடைப்பது, பூட்டே இல்லாத வகுப்பைவிட மோசமானது.

கடிகாரத்தை இரண்டாம் பருவத்தில் எடுத்துவிட்டேன். ஃபார்ம்ஸில் அதைத் தனியே சேர்க்க வேண்டியிருந்தது என்பதால் அல்ல. முதல் பருவத்தில், நிதானமாக யோசிக்கும் பழக்கமுள்ள ஒரு மாணவர் கடிகாரத்தைப் பார்த்த பிறகு வாயையே திறக்காமல் இருந்ததைக் கவனித்திருந்தேன். கடிகாரம் போனதும் பரபரப்பு குறைந்தது உண்மைதான். விளையாட்டு விரும்பிகள் சிலருக்கு அது ஏமாற்றமாகவே இருந்தது. நான் இழந்ததைவிடப் பெற்றது அதிகம்.

குழுவில் யார் சிந்திக்கிறார்கள் என்பதையும் அறையின் அமைப்பே தீர்மானிக்கிறது. ஸ்காட் நிக்கல்சன் 2015இல் 175 எஸ்கேப் ரூம் நிலையங்களிடம் தகவல் திரட்டி எழுதிய அறிக்கையில், புதிர்களை ஒன்றன்பின் ஒன்றாக அமைப்பது, பல தடங்களாகப் பிரித்து அமைப்பது, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறந்து வைப்பது என்ற வகைகளைப் பிரித்துக் காட்டினார். ஒன்றன்பின் ஒன்றாக அமைத்து, நால்வருக்கு ஒரே கணினியையும் கொடுத்தால், மவுஸைப் பிடித்திருப்பவர் மட்டுமே ஆடுகிறார். மற்ற மூவரும் பார்வையாளர்கள். ஒவ்வொருவர் கையிலும் வேறு வேறு நோட்டுப் பக்கம் இருக்கும்படி பிரித்துக் கொடுத்து, நால்வரும் கண்டுபிடித்த விதிகளைச் சேர்த்தால்தான் கடைசிப் பூட்டு திறக்கும் என்று மாற்றிய பிறகுதான் பேசாதவர்களும் பேசினார்கள்.

ஆட்டம் 40 நிமிடங்கள் நடந்தது என்றால் அதற்குப் பின் வரும் உரையாடலுக்கும் அதே அளவு நேரம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. டான் லோர்ட்டி என்ற சமூகவியலாளர் 1975இல் எழுதியது இங்கே மிகவும் பொருந்துகிறது: ஒரு மாணவர் பள்ளிப் படிப்பை முடிப்பதற்குள் ஏறத்தாழ 13,000 மணி நேரம் ஆசிரியர்களை நேரில் பார்த்துவிடுகிறார்; ஆனால் பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பதால், ஆசிரியர் செய்வது தெரிகிறதே ஒழிய, அவர் ஏன் அப்படிச் செய்கிறார் என்பது தெரிவதில்லை. எஸ்கேப் ரூமை ஆடிவிட்டு மட்டும் போகும் மாணவ ஆசிரியரும் அதே பெஞ்சில்தான் இருக்கிறார். எனவே இரண்டாம் பருவத்தில், ஆட்டம் முடிந்ததும் ஆயத்தச் சேவையின் மூன்றாம் பூட்டையும் என் பின்னக் கணக்குப் பூட்டையும் அருகருகே திரையில் காட்டி, எதைச் சிந்திக்காமல் திறக்க முடியும், ஏன் என்று விவாதிக்கச் சொன்னேன். சந்தா கட்டி வாங்கிய சேவைக்கு நான் கண்டுபிடித்த மிகச் சிறந்த பயன் அதுதான்.

பிறகு ஒவ்வொரு குழுவும் தான் கற்பிக்கப்போகும் பாடத்துக்கு ஓர் அறை அமைத்தது. எல்லாக் குழுக்களும் கதையிலும் படத்திலும்தான் தொடங்கின. கடற்கொள்ளையர் தீவு, பேய் மாளிகை, விண்கலம் என்று இரண்டு வகுப்பு நேரம் அலங்காரத்திலேயே போனது. அதை நிறுத்தி, முதலில் தாளில் மூன்று வரி எழுதித் தரச் சொன்னேன்: இந்தப் பூட்டு எதைச் சிந்திக்க வைக்கிறது, குழந்தை எந்தத் தவறான விடையை இடும், அப்போது என்ன செய்தி தோன்றும். இரண்டாவது வரியில்தான் எல்லோரும் தடுமாறினார்கள். தன் பாடத்தில் குழந்தை எங்கே தவறும் என்பது தெரியாமல் பூட்டு அமைக்க முடியாது என்பதால், கற்பித்தல் பயிற்சிக்குப் போயிருந்த பள்ளிகளில் பழைய விடைத்தாள்களைக் கேட்டு வாங்கிப் படிக்கத் தொடங்கினார்கள். ஒளிச்சேர்க்கைக்கு அறை அமைத்த குழு, செடி தன் உணவு முழுவதையும் மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்கிறது என்ற எண்ணம் குழந்தைகளிடம் எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்பதை அப்படித்தான் அறிந்துகொண்டது.

நிறங்களை மட்டும் வைத்துத் திறக்கும் பூட்டுகளை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் எந்த வகுப்பிலும் இருக்கக்கூடும். படத்துக்குள் மறைத்த குறிப்புக்கும் எழுத்து வடிவ விளக்கம் இருக்க வேண்டும் என்று கேட்டேன். திரையில் உள்ள எழுத்தை உரக்கப் படித்துக் காட்டும் திரைவாசிப்பானைப் பயன்படுத்தும் மாணவருக்கு அது இல்லாமல் அறை திறக்கவே திறக்காது. ஆயத்தச் சேவையின் அழகான நூலகப் படத்தில் இந்த வசதி இல்லை.

ஓர் அறையை உருப்படியாக அமைக்க எனக்கு மூன்று மாலைகள் பிடித்தன; அதைத் திருத்த இன்னும் ஒரு மாலை. வாரத்துக்கு ஒன்று செய்யும் காரியம் அன்று இது. பருவத்துக்கு ஒன்று அல்லது இரண்டு போதும். மாணவர்களை ஆட வைத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போக நினைப்பவர்களுக்கு எந்த அறையையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆடி, பிரித்துப் பார்த்து, தாங்களே அமைப்பது என்ற மூன்றுக்கும் சேர்த்து ஆறு வகுப்புகளாவது ஒதுக்க முடிந்தவர்கள் கட்டாயம் செய்து பார்க்கலாம். அவர்களுக்கு ஃபார்ம்ஸ் போதும், சந்தா வேண்டாம்.

வரும் பருவத்துக்கு ஒரு மாற்றம் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் ஆடாமல், வெற்றுத் தாளுடன் பின்னால் உட்கார்ந்து, யார் எப்போது படித்தார், யார் எப்போது ஊகித்தார் என்பதை மட்டும் எழுதுவார். ஃபார்ம்ஸில் பதிவாகாத அந்தத் தவறான முயற்சிகள் எல்லாம் இந்த முறை அந்தத் தாளில் இருக்கும்.